எலி டாக்டரின் கடிகாரம்

என் கடைக்கு வந்து நின்றுகொண்டு கடிகாரம் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பாளையங்கோட்டையில் கல்லூரிகள் வரிசையாக இருக்கும் சாலையில் ஜெராக்ஸும் பைண்டிங்கும் வைத்திருக்கிறேன். பரீட்சைக் காலத்தில் ஒரே சமயத்தில் பத்துப் பேர் தாளை நீட்டுவார்கள். அதில் ஒருவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டால் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிடும். அவசரம் என்றால் பக்கத்துக் கடைக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவேன். பக்கத்துக் கடைக்காரர் வீடு கட்டியதே என் வாயால்தான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் அவள் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வெளிறிய காட்டன் சுடிதார், தோளில் கனமான பை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய வட்டக் கடிகாரம். அதையும் உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தாள். நான் மிஷினில் தாளை வைத்ததும் ஒருமுறை பார்த்தாள். முதல் பக்கம் வெளியே வந்ததும் இன்னொருமுறை பார்த்தாள். நான் என் வழக்கமான வசனத்தைச் சொன்னேன். அவள் முகம் கோணவில்லை.

"அவசரம்லாம் இல்ல அண்ணாச்சி. எவ்வளவு நேரம் ஆவுதுன்னு சும்மா பாத்தேன். நீங்க பைய, நிதானமாப் போடுங்க."

சும்மா பார்ப்பதற்கு ஒரு கடிகாரமா என்று நினைத்துக்கொண்டேன். போகப் போகத்தான் தெரிந்தது, அவளுக்கு எல்லாமே அப்படித்தான். மின்சாரம் போனால் பார்ப்பாள், வந்தால் பார்ப்பாள். எதிர் டீக்கடையில் பால் பொங்குவதற்குப் பார்ப்பாள். நான் பேப்பர் சப்ளை செய்கிறவரோடு போனில் சண்டை போட்டு முடித்ததும், "போன தடவையை விட இன்னைக்குக் கொஞ்சம் கம்மி" என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சபையில் பிரசங்கத்துக்கு நேரம் பார்த்து, ஆராதனை முடிந்ததும் குருவானவரிடமே அதைச் சொல்லியிருக்கிறாள். மனிதர் நல்லவர் போலிருக்கிறது, அடுத்த வாரம் பாதியாகக் குறைத்துவிட்டாராம். அதற்காகச் சபையில் பாதிப் பேர் வந்து இவளுக்குக் கை கொடுத்தார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்குப் போன் போடுவாள். திருச்செந்தூர் போகும் வழியில் ஓர் ஊர் அவளுடையது. மறுமுனையில் யார் எடுத்தாலும் தம்பியிடம் கொடுக்கச் சொல்லுவாள். தம்பி வந்ததும் முதல் கேள்வி, "காலையில என்ன சாப்பிட்ட?" கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். அப்புறம், "சரி, பரவால்ல" என்பாள். தினமும் இதுதான். வளர்ந்த பையனிடம் தினம் காலைப் பலகாரத்தை விசாரிக்கிறாளே, தின்னிப் பண்டாரமாக இருப்பானோ என்று நான் மனசுக்குள் கேலி செய்திருக்கிறேன்.

அவளுக்கு எலி டாக்டர் என்று பெயர் வைத்தவன் நான்தான். பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அச்சடிக்கக் கொண்டுவந்த படங்களைப் பார்த்து இது என்ன என்று கேட்டேன். எலியின் மூளையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி எடுத்த படம் என்றாள். முந்திரிப் பருப்பை வகிர்ந்து வைத்ததுபோல ஒரு வளைவு. அந்த வளைவு நெடுகப் பொட்டுப் பொட்டாகப் பழுப்பு நிறம். என் மிஷின் அந்தப் பழுப்பைச் சிவப்பாக அடித்துத் தள்ளியது. இது சரியில்லை என்றாள். திரும்ப அடித்தேன். கறுத்துவிட்டது, இதுவும் சரியில்லை என்றாள். எலிக்குத் தெரியவா போகிறது என்று நான் எரிந்து விழுந்தேன்.

"எலிக்குத் தெரியாது அண்ணாச்சி. பாக்கிறவங்களுக்குத் தெரியணும். இந்தப் பழுப்பு இருக்கிற இடம்லாம் உயிரு இருக்கிற இடம்" என்றாள்.

எலிக்கு வலிப்பை வரவழைத்து, மருந்து கொடுத்து நிறுத்தி, அதற்குப் பிறகு மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வலிப்பு என்ற சொல் வந்ததும் நான் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கேட்டபடியே மூன்றாவது முறையும் அடித்துக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

காரணம் என் மகள். அப்போது அவள் நாலாம் வகுப்பு. நாலாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டியவள் என்று சொல்ல வேண்டும். வகுப்பில் இரண்டு தடவை வலிப்பு வந்து விழுந்த பிறகு நாங்களே பள்ளியை நிறுத்தி வீட்டில் வைத்திருந்தோம். ஒவ்வொரு வலிப்பிலும் மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப் போகிறது, படிப்பு, வெயில், ஓட்டம் எல்லாம் சேர்ந்தால் மிச்சமும் போய்விடும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் யார் என்று கேட்டால் தெரியாது. எல்லாரும் சொன்னார்கள். பிள்ளையின் கையில் ஓர் இரும்பு வளையம் போட்டோம். வீட்டில் அறைக்கு ஒரு சாவிக்கொத்து மாட்டியிருந்தோம், வலிப்பு வந்தால் எட்டி எடுத்துக் கையில் திணிக்க. ஒரு பிரைவேட் டாக்டர் எழுதிய மாத்திரையை, பிள்ளை தூங்கி வழிகிறாள் என்று பாதிப் பாதியாகக் கொடுத்தோம். மகளோ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பள்ளிக்கூட வேன் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க முடியாமல் நான் காலையில் சீக்கிரமே கடைக்கு வந்துவிடுவேன். அவள் மறுபடி பையை மாட்டிக்கொண்டு போவாளா மாட்டாளா என்பதைத் தவிர அந்த வருஷம் முழுக்க எனக்கு வேறு நினைப்பு கிடையாது.

கடைசியில் நாலைந்து வாரம் கழித்துக் கேட்டேவிட்டேன். எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு இப்படி என்று ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் மூளை செத்துக்கொண்டே வருமா என்று கேட்டேன். அவள் திருப்பிக் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் இழுக்கும் அண்ணாச்சி?"

ரொம்ப நேரம் என்றேன். ரொம்ப நேரம் என்றால் எவ்வளவு என்றாள். அரை மணி நேரம் இருக்கும் என்றேன். யாராவது மணி பார்த்தார்களா என்று கேட்டாள். பிள்ளை துடிக்கும்போது எவன் மணி பார்ப்பான் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே அது யார் பிள்ளை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள்.

"எங்க தம்பிக்கு வந்தப்ப வீடு நெறைய ஆளு இருந்தோம். கிறிஸ்மஸ். எல்லாரும் இரும்பத்தான் தேடுனோம். எங்க மாமா தோட்டத்துக்குப் போயி மம்பட்டியத் தூக்கிட்டு வந்தாரு. ஆஸ்பத்திரியில டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, எவ்வளவு நேரம் இழுத்துச்சுன்னு. அம்மா ஒரு மணி நேரம்னா. மாமா ரெண்டு நிமிஷம்னாரு. ஒருத்தருக்கும் தெரியல." கையைத் திருப்பிக் காட்டினாள். "அன்னைக்கு இந்த வாட்ச் எங்க அப்பா கையிலதான் இருந்துச்சு."

அந்தத் தம்பி பிழைத்தான். ஆனால் அதற்குப் பிறகு புதிதாக எதுவும் அவன் மனசில் நிற்கவில்லை. சின்ன வயசில் சபையில் படித்த பாமாலைப் பாட்டெல்லாம் சரணம் விடாமல் பாடுவான். காலையில் யார் வந்தார்கள் என்று கேட்டால் விழிப்பான். அவள் தினமும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பது அதற்குத்தான். நான் மனசுக்குள் செய்த கேலி நினைவுக்கு வந்தது.

பிறகு அவள் அந்தப் பழுப்புப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னதை நான் இன்றைக்கும் அப்படியே சொல்லுவேன்.

"வலிப்பு வந்ததும் செல்லுக்குள்ள சும்மா கெடந்த மரபணு சிலது முழிச்சிக்கிடும் அண்ணாச்சி. வீட்ல தீப் பிடிச்சா ஆளுவ எந்திரிக்க மாதிரின்னு வச்சுக்கிடுங்க. சிலது தண்ணி கோரிக்கிட்டு ஓடியாரும், செல்லக் காப்பாத்த. சிலது கடப்பாரையத் தூக்கிட்டு வரும், இனி தேறாதுன்னு வீட்டையே இடிச்சுப் போட. வலிப்பு சட்டுன்னு நின்னுட்டுன்னா பெரும்பாலும் தண்ணி கோருதவங்க ஜெயிச்சிருதாங்க. நிக்காம இழுத்துக்கிட்டே போச்சுன்னாதான் கடப்பாரைக்காரன் கை ஓங்கும். எலியில நான் பாத்தது இது."

அப்படியானால் என் பிள்ளைக்கு ஒன்றும் போகவில்லையா என்று கேட்டேன். என் பிள்ளை என்றே கேட்டுவிட்டேன். அதற்கு மட்டும் அவள் பிடி கொடுக்கவில்லை. நீங்கள் வைத்த பெயர்தானே, நான் எலி டாக்டர், மனுஷப் பிள்ளைக்கு நான் சொல்லக் கூடாது என்றாள். அடிக்கடி வந்தால் சின்ன வலிப்பும் நல்லதில்லை, மாத்திரையைப் பாதியாக்குவதும் கூடாது, பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். போகும்போது திரும்பி நின்று, அடுத்த தடவை வந்தால் சாவியைத் தேடாமல் மணியைப் பாருங்கள், டாக்டர் கட்டாயம் கேட்பார் என்றாள்.

அடுத்த வாரமே வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மகள் கை கழுவப் போனவள் அப்படியே சரிந்தாள். மனைவி சாவிக்கு ஓடினாள். எனக்கும் கால் ஓடத்தான் பார்த்தது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இதை எப்படிச் சொல்லுவேன், அந்த முள் நகரவே இல்லை. கடிகாரம் ஓடவில்லை என்றே நினைத்தேன். பிள்ளையின் துடிப்பு அடங்கி, உடம்பு தளர்ந்து, மூச்சு சீரான பிறகு மறுபடி பார்த்தேன். ஒன்றரை நிமிஷம். நான் அரை மணி நேரம் என்று சத்தியம் செய்திருப்பேன். தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கையில் சாவிக்கொத்தோடு நின்ற மனைவி, எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். எத்தனையோ மாதமாக எங்கள் வீட்டில் கரை தெரியாமல் கிடந்த ஒரு பயத்துக்கு அன்றைக்குத்தான் கரை தெரிந்தது. அவளுக்கும் அதைச் சொல்லிப் புரியவைத்தேன்.

நரம்பு டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். ஒன்றரை நிமிஷம் என்று நான் சொன்ன பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். மூளையைப் படம் எடுத்தார். கருகிப்போகவில்லை என்றார். மாத்திரையை மாற்றினார். மூக்கில் அடிக்கிற மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். ஐந்து நிமிஷம் தாண்டினால் இதை அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும், தாண்டாவிட்டால் பக்கத்தில் இருந்தால் போதும் என்றார். பள்ளிக்கூடம் போகலாமா என்று மகள்தான் கேட்டாள், நாங்கள் கேட்கவில்லை. ஏன் போகாமல் இருக்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை போனாள். இரும்பு வளையத்தைக் கழற்ற மட்டும் மனைவிக்கு மனசு வரவில்லை. யூனிஃபார்ம் சட்டைக் கைக்குள் அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

எலி டாக்டர் பயந்து நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சில மாதம் கழித்து, பள்ளி விட்டு மகள் கடைக்கு வந்திருந்தாள். உடம்பு காய்ச்சலாக இருந்தது எனக்குத் தெரியாது. பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் விழுந்தாள். கடையில் நல்ல கூட்டம். இரும்பு, இரும்பு என்று ஒரே சத்தம். யாரோ பைக் சாவியைக் கொண்டுவந்து பிள்ளையின் கையில் திணித்தார். எலி டாக்டர் பெஞ்சிலிருந்து இறங்கி மண்டி போட்டு, பிள்ளையைத் திருப்பி, தலைக்குத் தன் துப்பட்டாவைச் சுருட்டி வைத்தாள். பிறகு மணிக்கட்டைத் திருப்பினாள். அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. ஆடாமல் இருக்க இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு போயிற்று. கடை பைய அடங்கி, எல்லாரும் அவள் வாயைப் பார்த்து நின்றார்கள். மூன்று என்றாள், நான்கு என்றாள். ஸ்டேப்ளர் பின் வைக்கிற டிராயரைத் திறந்து அந்த மூக்கு மருந்தைக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.

"அஞ்சு. அடிங்க அண்ணாச்சி."

அடித்தேன். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரட்டினோம். வழியிலேயே துடிப்பு நின்றுவிட்டது. நின்றதும் நேரம் பார்த்து என்னிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் அழுதாள். எல்லார் முன்னாலும் குரல் தடுமாறாமல் நேரம் சொல்லிக்கொண்டிருந்தவள், ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். என் பிள்ளைக்கு மட்டுமாக அவள் அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் வார்டுக்கு வந்தாள். மகள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எலி டாக்டர் குனிந்து, "நேத்துக் காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டாள். மகள் யோசித்தாள். எலி டாக்டர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உப்புமா. அம்ம கருக விட்டுட்டா."

என் மனைவி அன்றைக்குச் சிரித்ததுபோல அதற்கு முன்னும் பின்னும் சிரித்து நான் பார்த்ததில்லை. எலி டாக்டர் மகளின் தலையைத் தடவி, "எல்லாம் இருக்கு அண்ணாச்சி" என்றாள். அப்புறம்தான் மகளின் தலையணைக்கு அடியில் அந்தப் பைக் சாவியைப் பார்த்தோம். பிள்ளை அதை இறுக்கிப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். பைக்கின் சொந்தக்காரர் பூட்டிய வண்டியை என் கடை வாசலில் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பக் கொடுக்கப் போனபோது, இரும்பு வேலை செய்தது பார்த்தீர்களா என்றார். பிள்ளைதான் நன்றாக இருக்கிறாளே என்று நானும் ஆமாம் சொல்லிவிட்டு வந்தேன்.

அவளுடைய ஆராய்ச்சிப் புத்தகத்தை நான்தான் பைண்டிங் செய்தேன். அந்தப் பழுப்புப் படத்துக்காகவே ஒரு புதிய கலர் டோனர் வாங்கினேன் என்பது அவளுக்குத் தெரியாது. வாங்க வந்த அன்றைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டாள். வழக்கமான கேள்வியைக் கேட்டாள். வழக்கம்போலக் காத்திருந்தாள். ஆனால் சரி, பரவாயில்லை என்று சொல்லவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, ஏதோ உடையும் பொருளை வைப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"என்ன சாப்பிட்டான்னு தெரியலையாம் அண்ணாச்சி. 'நேத்தும் இதத்தானக்கா கேட்ட'ன்னு கேக்கான்."

நேற்றைய தினம் அவன் மனசில் தங்கியிருக்கிறது. எதிர்க் கடையில் அத்தனை பேருக்கும் டீ சொன்னாள். நான் எத்தனையோ பேருக்குப் புத்தகம் கட்டிக் கொடுத்திருக்கிறேன், பட்டம் வாங்கியதைவிடப் பெரிய சந்தோஷத்தில் ஒருத்தியைப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு அவள் வேலை கிடைத்து வெளியூர் போனாள், அங்கிருந்து வெளிநாடு போனாள். புத்தாண்டுக்கு வாழ்த்து வரும். இப்போதும் எலிகளோடுதான் இருக்கிறாளாம், தண்ணீர் கோருகிறவர்களின் பக்கம் ஆள் சேர்க்க முடியுமா என்று பார்க்கிறாளாம்.

என் மகள் இப்போது பிளஸ் டூ. வலிப்பு நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. மாத்திரையை மட்டும் விடவில்லை. பத்தாம் வகுப்பு பாஸ் செய்தபோது ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். கடையிலேயே அதை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டாள்.

போன மாதம் நானும் அவளும் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஆற்றுப் பாலத்தில் நெரிசல், கீழே தாமிரபரணியில் நல்ல தண்ணீர். கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஏதோ கம்பெனி யூனிஃபார்ம் போட்ட ஓர் இளைஞன் படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தவன் விறைத்துக்கொண்டு விழுந்தான். சாவி குடுங்க, இரும்பு குடுங்க என்று பஸ் முழுக்கச் சத்தம். சொன்னால் வெட்கம், என் கையும் இடுப்புச் சாவிக்குத்தான் போனது. அதற்குள் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். அவனைத் திருப்பிப் படுக்கவைத்து, தலைக்குப் பையை வைத்து, மணிக்கட்டைத் திருப்பினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனையோ தடவை வலிப்பு வந்தவள், வலிப்பு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்க்கிறாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது. கை ஆடவில்லை.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை என்று அவளே எல்லாருக்கும் சொன்னாள். இளைஞன் கண்ணைத் திறந்து, வெகுநேரம் மலங்க விழித்து, பிறகு எழுந்து உட்கார்ந்தான். உடன் வந்தவர் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறக்கிக் காட்டிவிடுகிறேன் என்றார். அவன் தெளிந்து தன் பெயரைச் சொல்லும்வரை மகள் பக்கத்திலேயே இருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்கண்ணே?"

பஸ்ஸில் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எதற்கு அந்தக் கேள்வி என்று எனக்கு மட்டும் தெரியும். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

"பூரி. கெழங்கு தீந்துட்டு, சட்னிதான் குடுத்தாங்க."

மகள் எழுந்து பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். விசிலை வாயில் வைத்தபடி நின்ற கண்டக்டரைப் பார்த்து, "எல்லாம் இருக்கு அண்ணாச்சி. ரைட் குடுங்க" என்றாள்.